ஒரே ராத்திரியில் இறுகிய சுண்ணாம்பு

டிக்கெட் வாங்க வந்தவர்கள் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டியதுதானே? எங்கள் ஊரில் அது நடக்காது. டிக்கெட் கொடுக்கும் தோதோர்காவின் நாவல் வெளிவந்த நாளிலிருந்து, பஸ் நிலையத்தின் அந்தச் சின்ன ஜன்னலுக்குள் தலையை நுழைத்து, செவ்லியெவோவுக்கு ஒன்று என்று கேட்ட கையோடு, கலினாவை ஏன் சாகடித்தாய் என்று ஒரு சண்டையும் போட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். பின்னால் வரிசை நீளும், பஸ் உறுமும், யாருக்கு என்ன கவலை?

இருபத்தேழு வருஷமாக டிக்கெட் கிழிக்கிறவள் கதை எழுதுவாள் என்று எவரும் நினைத்ததில்லை. அதுவும் அப்படி ஒரு கதை! ஆற்றில் எத்தனை முறை கட்டினாலும் பாலம் நிற்கவில்லை. கொத்தன் ஒருவன் தன் மனைவி கலினாவின் நிழலை அவளுக்குத் தெரியாமல் நூலால் அளந்து, அந்த நூலைத் தூணுக்குள் வைத்துக் கட்டிவிடுகிறான். பாலம் நின்றுவிடுகிறது. கலினா பாதத்திலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிறாள். மூன்று நாளைக்குள் நூலை உருவினால் பிழைப்பாள். மனம் பொறுக்காமல் கொத்தன் பாலத்துக்கு ஓடுகிறான். ஆனால் சுண்ணாம்புக் கலவை ஒரே ராத்திரியில் பாறையாக இறுகிக் கிடக்கிறது. வெறுங்கையோடு திரும்புகிறான்.

மருந்துக்கடை லில்யானா அந்த இடம் வந்ததும் ஆத்திரத்தில் புத்தகத்தை அடுப்பில் போட்டாள். முடிவு தெரியாமல் இருப்புக் கொள்ளாமல் மறுநாளே இன்னொன்று வாங்கினாள். பாதிரியாருக்குப் புத்தகமே பிடிக்கவில்லை, ஆனால் இரண்டு தடவை படித்திருக்கிறார். பஸ் ஓட்டுகிற கீரோ மட்டும் கொத்தனுக்காகப் பரிந்து பேசினான். "அவன் என்னக்கா பண்ணுவான், பாவம்? கலவைதான் இறுகிடுச்சே!"

இதற்கெல்லாம் மேலே ஒரு கூத்து. யாரோ கலினாவுக்கு மரண அறிவிப்பு அச்சடித்து நூலகக் கதவிலும் மின்கம்பங்களிலும் ஒட்டிவிட்டார்கள். கறுப்புக் கட்டம், வயது இருபத்தாறு, ஆழ்ந்த துயரத்துடன் வாசகர்கள். இரண்டு கிழவர்கள் தொப்பியைக் கழற்றி நின்று, எந்த வீட்டுப் பெண் என்று விசாரித்தார்களாம். நாற்பதாம் நாள், நிஜமாகச் செத்தவர்களுக்குச் செய்வதுபோலவே, நூலகத்தில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமைகூடக் கொடுத்தார்கள். தோதோர்கா சிரித்துக்கொண்டேதான் ஒரு கரண்டி வாங்கினாள். தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது பேருடைய அபிப்பிராயம் காதில் விழுந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருவருடையது. அவள் புருஷன் வங்கேலும் கொத்தன்தான்.

முதல் பிரதியை அவன் கையில்தான் கொடுத்தாள். தூக்கிப் பார்த்து, கனமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டான். ஆறு மாதமாக அது அங்கேயே இருக்கிறது. அவள் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைப்பாள், அவன் பழைய இடத்துக்கே கொண்டுபோவான். படித்தாயா என்று கேட்க வாய் வராமல், சும்மா சும்மா வீட்டுக்குள் நடப்பாள். பத்திரிகைக்காரர்கள் மெச்சியபோதும் அந்தத் தவிப்பு தீரவில்லை.

காரணம் இல்லாமலா? இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் அவள் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோனது. அவள் மாவட்ட மருத்துவமனையில் கிடந்தாள். வங்கேல் அணைக்கட்டு வேலையில் இருந்தான். தகவல் அன்றைக்கே போய்விட்டது. அவன் வந்தது நாலாம் நாள், பூட்ஸில் சிமெண்டோடு. கான்கிரீட் போடும்போது பாதியில் விட்டுவிட்டு வர முடியாது என்றான். அவள் சரி என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. எழுத உட்கார்ந்தபோது கோபம் கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் கொத்தன் பாலத்துக்கு ஓடுகிற இடத்துக்கு வந்ததும் மனசு கேட்காமல், அவனுக்காகக் கலவையை ஒரே ராத்திரியில் இறுக வைத்தாள். அவன் படித்தால் தன்னை அதில் பார்ப்பானா, பார்த்துவிட்டு என்ன சொல்வான் என்பதுதான் அவளைப் பிடித்து ஆட்டிய பயம்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை நூலகக்காரி ஸ்பாஸ்கா ஜன்னலுக்கு வந்தாள். டிக்கெட் கேட்கவில்லை.

"உன் வீட்டுக்காரன் புத்தகத்தைப் பாழாக்கிட்டான். வந்து பாரு."

மூன்று வாரமாகக் காலையில் வருகிறானாம். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, வரிவரியாக விரல் வைத்துப் படிக்கிறானாம். அவன் காப்பிக்கடையில் இருக்கிறான் என்றல்லவா தோதோர்கா நினைத்திருந்தாள்! பத்து நிமிடம் என்ற அட்டையை மாட்டிவிட்டு, வரிசையில் நின்றவர்கள் திட்டத் திட்ட ஓடினாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தக ஓரத்தில் கிறுக்கும் வியாதி உண்டு. ஸ்பாஸ்கா மாதாமாதம் ரப்பரோடு உட்கார்ந்து அழிப்பாள். இந்தக் கிறுக்கல் அழியவில்லை. கொத்தர்களின் பட்டைப் பென்சிலால், அடுத்த பக்கத்திலும் தடம் விழும்படி அழுத்தியிருந்தான். கொத்தன் வெறுங்கையோடு திரும்புகிற பக்கத்தில்தான்.

"சுண்ணாம்பு ஒரே ராத்திரியில இறுகாது. மூணு நாளும் விரலாலயே தோண்டலாம். அவன் போகவே இல்ல."

தோதோர்கா இரண்டு முறை படித்தாள். அதை அப்படியே விட்டுவிடு என்று ஸ்பாஸ்காவிடம் சொன்னாள். பஸ் நிலையத்துக்குத் திரும்பவில்லை, நேரே வீட்டுக்குப் போனாள்.

வங்கேல் சமையலறையில் சுட்ட குடைமிளகாய்க்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தான். வேலை நேரத்தில் இவள் ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"புத்தகம் எப்படி இருக்கு?"

அவன் கையிலிருந்த மிளகாயை உரித்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"சுவர் வேலை உனக்குத் தெரியல."

"சரி."

"அவனுக்காகப் பொய் சொல்லியிருக்க. அடுத்த தடவை அச்சடிச்சா அதைத் திருத்திடு."

தோதோர்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மருத்துவமனையில் அழாத அழுகை, நாற்பதாம் நாள் கோதுமையோடு தொண்டையில் நின்ற அழுகை. முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதாள். வங்கேல் கத்தியைக் கீழே வைத்தான். மிளகாய்ச் சாறு வழிகிற கையைச் சட்டையிலேயே துடைத்தான். மேஜையைச் சுற்றி நாலு எட்டு. எழுந்து வந்தான்.