ஜன்னலில் தொங்கிய முதுகெலும்பு

வேறு எதற்கோ எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், என் கீழ்முதுகு எலும்புகளுக்கு இடையே ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுவதாக அறிக்கை வந்தது. எனக்கு முதுகுவலியே கிடையாது. இந்த வயதில் இது சகஜம் என்றார் மருத்துவர். மருத்துவமனை நிர்வாகத்தில் காலமெல்லாம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவள் நான். படத்தை உறையில் போட்டு மூடி வைத்தேன். படத்தைத் தொங்கவிடும் வழக்கம் எங்கள் வீட்டில் அய்யாவோடு, என் அப்பாவோடு, முடிந்துவிட்டது.

உத்தரகோசமங்கைப் பக்கம் எங்களுக்கு மிளகாய்க் கொல்லை. என் சிறுவயதில், ஒரு மிளகாய்ப்பழம் பறிப்பின்போது அய்யாவுக்கு இடுப்பில் பிடித்த வலி காலுக்கு இறங்கியது. மூட்டை தூக்குவதெல்லாம் சித்தப்பா தலையில் விழுந்தது. அண்ணனின் வலிமீது அவருக்குச் சந்தேகம். இராமநாதபுரத்துக்கு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனார். அழுது நானும் ஒட்டிக்கொண்டேன்.

விளக்குப் பெட்டியில் அய்யாவின் எலும்புகள் தெரிந்தன. போன மாதம்தான் தாத்தாவின் எலும்புகளைக் கலயத்தில் கொண்டுபோய் இராமேஸ்வரம் கடலில் கரைத்திருந்தோம். எலும்பு கண்ணில் பட்டால் ஆள் போய்விட்டார் என்பதே நான் அறிந்த நடைமுறை. அய்யாவின் கையைப் பிடித்தேன். சூடாக இருந்தது.

எலும்பில் முறிவில்லை, ஆனாலும் பாரம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அந்தப் பேச்சின் முதல் பாதியை மட்டும் சித்தப்பா ஊருக்குக் கொண்டுவந்தார்.

மிளகாய் காயும் களத்தைப் பார்த்த ஜன்னல் கம்பியில் படத்தைக் கட்டினார். வேலையை விட்டுவிட்டு ஆட்கள் கூடினார்கள்.

"ஒரு கீறல் இருக்கா, பாருங்கப்பா. பனைமரம் கணக்கா நிக்கிது" என்றார் சித்தப்பா.

"தம்பி, படத்த விட்டுட்டு அவுக மொகத்தப் பாருங்க" என்றாள் அம்மா. யாரும் பார்க்கவில்லை.

அய்யா சுவரைப் பிடித்து வெளியே வந்தார். வெயில் ஊடுருவிய தன் முதுகையே வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டு நல்லா இருக்கத வச்சுக்கிட்டா நான் படுத்துக் கெடந்தேன்?"

சொல்லிவிட்டு, நேராகப் போய் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

கத்தக்கூட இல்லை. மிளகாய்க் குவியலில் சரிந்தார். எழ முயன்றபோது இடதுகால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்நாளும் அதை இழுத்துத்தான் நடந்தார். சித்தப்பாதான் முதலில் ஓடி வந்து தூக்கினார்.

ஜன்னலில் படம் ஆடிக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர் நிமிர்ந்தே நின்றார். கிட்டப் போய்ப் பார்த்தேன். எலும்புகள் எல்லாம் இருந்தன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருந்த இருட்டில் ஒன்றுமே இல்லையென்று நானும் நினைத்துக்கொண்டேன்.