அத்தை செருகிய 725ஆம் வரி

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ஃபிளாட்டுக்கு ஒரு காலத்தில் கல்யாணப் பொருத்தம் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பொருத்தம் சொன்னது அத்தையின் கம்ப்யூட்டர்.

அத்தை அப்பாவின் தங்கை. கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் டைப்பிஸ்ட். எண்பதுகளின் கடைசியில் அங்கே புது கம்ப்யூட்டர்கள் வந்தபோது, பழையதில் ஒன்றை அத்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆபீஸில் ஸ்டோர் பார்க்கும் அங்கிள் ஒருவர் அதை லோரியில் ஏற்றி வந்து, லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்றாம் மாடிக்குத் தோளில் சுமந்து வந்தார். அம்மா கலக்கிக் கொடுத்த ரோஸ் சிராப் இரண்டு கிளாஸ் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வந்தது. அதிலிருந்து மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வருவார். மெஷினை அவர் அதிகம் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கூட வந்த புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துப் படித்தே அத்தை புரோகிராம் எழுதினாள். பெண்ணின் நட்சத்திர எண்ணையும் பையனின் நட்சத்திர எண்ணையும் தட்டினால், பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று பச்சை எழுத்தில் வரும். முதல் மாதம் ஒரு ஜோடிக்குப் பத்துக்குப் பதினொன்று வந்தது. பெண்ணின் அம்மாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டதால் அத்தை அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் திருத்தினாள், திருத்தியதில் வேறொன்று கெட்டது. வரிகளுக்குப் பத்து, இருபது என்று எண் போட்டிருந்தாள். கெட்ட இடத்தில் எல்லாம் நடுவே பதினைந்து, பதினாறு என்று புது வரி செருகுவாள். செருகியதை எல்லாம் என் பழைய பள்ளி நோட்டில் எழுதி வைப்பாள். ‘430ஐத் தொடாதே. ஏன் ஓடுதுன்னு தெரியலை’ என்று சிவப்பு மையில் அதில் ஒரு பக்கம் இருந்தது. இன்று புரோகிராம் எழுதித்தான் நான் பிழைக்கிறேன். அப்படி ஒரு வரி இல்லாத புரோகிராமை இன்னும் பார்த்ததில்லை.

அப்பா தமிழ்ப்பள்ளியில் கணக்கு வாத்தியார். முன்பெல்லாம் பஞ்சாங்கத்தை விரித்து, பென்சிலால் அவரே பொருத்தம் போடுவார். மெஷின் வந்த பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவருக்கு இருந்த ஒரே கவலை அத்தையின் கல்யாணம். அத்தைக்கு முப்பத்திரண்டு ஆகிவிட்டது. தரகர் ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் ஜாதகம் ஜாதகமாகக் கொண்டு வந்தார். ஊரார் பிள்ளைகளுக்கு ஏழு, எட்டு என்று வாரி வழங்கிய மெஷின், அத்தைக்கு மட்டும் இரண்டுக்கு மேல் கொடுக்க மறுத்தது.

“ரெண்டுதான் அண்ணே. நான் என்ன செய்றது, மெஷின் சொல்லுது,” என்பாள் அத்தை. குரலில் துளி வருத்தம் இருக்காது.

வருத்தம் எனக்குத்தான். பத்து வயது, அத்தையோடு ஒரே அறை. அத்தை கல்யாணமாகிப் போனால் அறையும் எனக்கு, மெஷினும் எனக்கு என்று முடிவு செய்து வைத்திருந்தேன். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், அத்தை வேலைக்குப் போனதும், அவள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி வரிகளைத் திரையில் வரவழைத்துக் கோளாறைத் தேடினேன். அகப்பட்டது. 725ஆம் வரி சொன்னது இதுதான்: பெண் 17 என்றால் மொத்தம் 2, அதிலும் பையன் 6 என்றால் மட்டும் மொத்தம் 9. அத்தையின் அனுஷம் பதினேழாவது நட்சத்திரம். வேறு எந்த நட்சத்திரத்துக்கும் இல்லாத வரி அத்தைக்கு மட்டும் எதற்கு? பாவம், கை தவறித் தட்டிவிட்டாள் என்று நினைத்து, அந்த வரியை அழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தரகர் சுபாங் ஜெயா மாப்பிள்ளை ஒருவரைக் கொண்டு வந்தார், ஜாதகமாகத்தான். சொந்த வீடு, அரசாங்க வேலை. அத்தை அலட்சியமாக எண்களைத் தட்டினாள். எட்டு.

“எட்டா!” அப்பாவுக்கு வாயெல்லாம் பல். “அடுத்த வாரமே பொண்ணு பார்க்க வரச் சொல்லுங்க!” அம்மா விளக்கேற்ற ஓடினாள். அத்தை திரையில் விறுவிறுவென்று வரிகளை ஓட்டினாள். 720 இருந்தது, 730 இருந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

“ஒரு வரி விழுந்துடுச்சு அண்ணே. இருங்க, போட்டுட்டு மறுபடி பார்க்கலாம்.”

அப்பாவும் தரகரும் பின்னால் நின்று எட்டிப் பார்க்க, அந்த வரியை எழுத்து எழுத்தாகத் தட்டினாள். மறுபடி ஓட்டினாள். இரண்டு.

“எட்டு எப்படி சார் ரெண்டாகும்? என்ன மெஷின்லா இது!” என்றார் தரகர்.

அப்பா திரையில் அந்த வரியைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு, “மெஷின் சொன்னா சரிதான்,” என்று தரகரை அனுப்பிவைத்தார்.

அடுத்த முறை ஸ்டோர் அங்கிள் வந்தபோது, இரண்டாவது கிளாஸ் சிராப் பாதியில் இருக்கையில் அப்பா கேட்டார்: “தம்பி, உங்க நட்சத்திரம் என்ன?”

அங்கிளுக்குப் புரையேறியது. “திருவாதிரை, சார்.”

அப்பா விரல் விட்டு எண்ணி ஆறில் நிறுத்தினார். பிறகு பல நாளாகத் தொடாத பஞ்சாங்கத்தை எடுத்து, அதன் ஓரத்திலேயே பென்சிலால் கணக்குப் போட்டார். கடைசியில் 3 என்று எழுதி வட்டமிட்டதை நான் பார்த்தேன். பஞ்சாங்கத்தை மூடிவிட்டு அத்தையைக் கூப்பிட்டார்.

“இதையும் மெஷின்ல போட்டுப் பாரும்மா.”

ஒன்பது வந்தது. அத்தை நிமிரவே இல்லை.

“மெஷின் பொய் சொல்லாது,” என்றார் அப்பா. எதிரே இருந்த சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்கோ ஒரே வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர், ஒன்பது வரவேண்டிய இடத்தில் மூன்று என்று போட்டு வைத்திருக்கிறாரே! எல்லோரும் அங்கிளைச் சூழ்ந்து நின்ற நேரம் பார்த்து, பஞ்சாங்கத்தைத் திறந்து, அப்பாவின் மானம் போகாதபடி அந்த மூன்றை ரப்பரால் நன்றாக அழித்து வைத்தேன்.