சித்தப்பாவின் முகமும் பெரிய வீட்டுப் பாலாடையும்

கூலித் தகராறு நடந்த வருஷம் எங்கள் தெருக்காரர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். அதில் சித்தப்பாதான் மிராசுதார். மிராசுதார் என்றால் சிவப்பாகத்தான் இருப்பார் என்பது நாடகம் எழுதியவரின் முடிவு. எங்கள் ஊர் மிராசுதார் சித்தப்பாவைவிட இரண்டு பங்கு கறுப்பு. அதை யாரும் எழுதியவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. வெள்ளைப் பவுடரைக் குழைத்து, கன்னத்தில் சிவப்பைத் தேய்த்து, வயலில் காய்ந்த மனிதரைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஜொலிக்கவைத்துவிட்டார்கள்.

பூசத் தெரிந்தவர்களுக்கு எடுக்கத் தெரியவில்லை. நாடகம் முடிந்ததும் சித்தப்பா நேராக வாய்க்காலுக்குப் போனார். உழவு மாட்டை எப்படிக் கழுவுவாரோ அப்படியே, துணி சோப்பைப் போட்டு வைக்கோலைச் சுருட்டித் தன் முகத்தைத் தேய்த்துவிட்டார். மாட்டுக்குத் தோல் கெட்டி. சித்தப்பாவுக்கு மறுநாள் காலையில் முகமெல்லாம் சிவந்து, காய்ந்து, மூக்கோரமும் புருவத்தடியிலும் செதில் செதிலாக உரிந்தது. சிரித்தால் எரிகிறது என்று சிரிக்காமலே இருந்தார். அவர் சிரிக்காததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

ஆனால் விஷயம் விளையாட்டில்லை. அடுத்து நாடகம் போடவேண்டிய ஊர், சித்தப்பாவுக்குப் பெண் கேட்டிருந்த ஊர். மாப்பிள்ளையை மேடையிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். இந்த முகத்தோடு போனால் பெண் தரமாட்டார்கள், போகாவிட்டால் வேறு யாராவது மிராசுதாராகிவிடுவார்கள்.

தெருவே வைத்தியம் பார்த்தது. ஒருவர் மஞ்சளை அரைத்துப் பூசினார், ஒருவர் வேப்பிலையை. தேங்காய் எண்ணெய் பட்டதும் காந்துகிறது என்று சித்தப்பா குதித்தார். கடைசியில் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆளாளுக்கு மெழுக இது என்ன சாணித் தரையா? தள்ளுங்க எல்லாரும்" என்றாள்.

பச்சைத் தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து முகத்தில் போட்டாள். தேய்க்கக் கூடாது, சொறியக் கூடாது, வெயிலில் போகக் கூடாது. ஈரம் காயும் முன்னால் பாலாடை தடவவேண்டும். எங்கள் வீட்டில் பாலுமில்லை, ஆடையுமில்லை. அது இருந்தது மிராசுதாரின் பெரிய வீட்டில்.

ஆண்கள் வயலில் இறங்காமல் நின்ற சமயம் அது. மாடு பட்டினி கிடக்கக் கூடாது என்று அந்த வீட்டு மாட்டுக் கொட்டில் வேலைக்கு மட்டும் அம்மா போய்க்கொண்டிருந்தாள். கூடவே நானும் போவேன். அன்று கொல்லைப்பக்கம் நின்று அம்மா தயங்கித் தயங்கிப் பாலாடை கேட்டாள். யாருக்கு என்று மிராசுதாரின் மனைவி, பெரிய வீட்டம்மா, கேட்டார். அம்மா யோசிப்பதற்குள் நான் நாடகக் கதையை முழுவதும் கொட்டிவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பெரிய வீட்டம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "எங்க, நடிச்சுக் காட்டு" என்றார்.

எனக்கு அது போதாதா? சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, இல்லாத மீசையை முறுக்கினேன். ஆட்களை மிரட்டினேன். பிறகு நாடகத்து மிராசுதார் தன் பெண்டாட்டியை விரட்டுகிற மாதிரி, "இங்க என்னடி வேடிக்க? உள்ள போ!" என்று கத்தினேன். பெரிய வீட்டம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பூவரச இலை நிறையப் பாலாடை கிடைத்தது.

அதிலிருந்து தினமும் எனக்கு அங்கே நாடகம்தான். தினமும் அந்த 'உள்ள போ' கட்டத்தையே மறுபடி கேட்பார். என் நடிப்பில் எனக்கே கர்வம் வந்துவிட்டது. ஒருநாள் அவர் சிரிக்காமல், "அதுக்கு அவ என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா. உள்ள போயிடுவாங்க" என்றேன். சேலை கட்டி அந்த வேஷம் போட்டவர் எங்கள் தெரு வண்டிக்காரர். குரல் கட்டை என்று அவருக்கு வசனமே கொடுத்திருக்கவில்லை.

பெரிய வீட்டம்மா மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "'உள்ளதானே இருக்கேன், வந்த நாள்லேருந்து.' இப்புடிச் சொல்லச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றார்.

சித்தப்பாவிடம் சொன்னேன். அது என் சொந்தச் சரக்கு என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குள் செதில் உதிர்ந்து, எரிச்சல் தணிந்து, முகம் குழந்தை முகம் மாதிரி ஆகியிருந்தது. இந்தத் தடவை பவுடர் பேச்சையே எடுக்கக் கூடாது என்றாள் அம்மா. அதனால் கறுப்பு மிராசுதாராகவே மேடையேறினார். பெண் வீட்டார் முகத்தை நன்றாகப் பார்த்துச் சம்மதம் சொன்னார்கள். ஆனால் அன்று பெரிய கைதட்டல் சித்தப்பாவுக்கு இல்லை. வண்டிக்காரர் தன் கட்டைக் குரலில் அந்த ஒரு வரியைச் சொன்னபோது, பெண்கள் பக்கம் கைதட்டல் கிளம்பியது. அவர்கள் தட்டிய தட்டு அடங்க வெகுநேரமானது.

மறுநாள் ஓடிப்போய்ப் பெரிய வீட்டம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொம்பளைங்கதான் ரொம்பத் தட்டினாங்க என்றும் சொன்னேன். "நெசமாவா? தட்டினாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு உள்ளே போய் அன்றைய ஆடை முழுவதையும் வழித்துக்கொண்டுவந்து, சர்க்கரை தூவி, என் கையில் வைத்தார்.

"சித்தப்பாவுக்கு மொகம் ஆறிடுச்சும்மா" என்றேன்.

"தெரியும். நீ சாப்பிடு" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன, முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் சித்தப்பாவுக்கு முகம் ஆறியதில் இவருக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டே, நான் பாலாடையை நக்கித் தின்றேன்.