புளி போட்டு மினுக்கிய குழல்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியத்தில் சேர்க்கலாமா என்று என்னிடம் யாரும் புத்தி கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதலில் ஒன்று சொல்லியிருப்பேன். பிள்ளையை நீங்கள் சேர்ப்பதில்லை, சுவாமியார்தான் எடுக்கிறார். அதுவும் படிப்பையோ ஒழுக்கத்தையோ பார்த்து அல்ல. உதட்டையும் முன்பல்லையும் பார்த்து.

அப்போது நாங்கள் புளியங்கூடலில் இருந்தோம். மகன் ஊர்காவற்றுறைக்கு நடந்து போய் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்தான். பதின்மூன்று வயது. பாண்ட் பழக்கிய பாதிரிச் சுவாமியார் அவனுடைய வாயைத் திறக்கச் சொல்லி, மாட்டுத் தரகர் பார்ப்பது போலப் பல்லைப் பார்த்துவிட்டு, "இவன் ஊதுவான்" என்றாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் 'ஓம்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காலம் தள்ளியவன் அவன். அந்த வாயிலிருந்து அவர் என்ன எதிர்பார்த்தாரோ தெரியாது.

என் கணவர் மலாயாவில் றெயில்வே கிளாக்கர். அவர் கப்பல் ஏறியபோது பிள்ளைக்கு ஆறு வயது. இரண்டு முறை லீவு வந்து, இரண்டு முறையும் தள்ளிப்போனது. மாதம் ஒரு கடிதம் எழுதுவார். நானும் எழுதுவேன். என் கடிதத்தின் அடியில் மகன் ஒரு வரி எழுதவேண்டும் என்பது கட்டளை. 'ஐயாவுக்கு, நான் சுகம், நன்றாகப் படிக்கிறேன்' என்று எழுதுவான். ஏழு வருடமாக அந்த வரியில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

குழல் வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கைக்குள் அடங்குகிற, வளைத்து வளைத்துச் செய்த பித்தளைக் குழல். முதல் மூன்று மாதத்துக்கு அதிலிருந்து பாட்டு வராது என்பதைச் சுவாமியார் எந்தக் குடும்பத்துக்கும் சொல்வதில்லை. நானும் அதை வேலிக்கு அப்பாலிருந்துதான் தெரிந்துகொண்டேன். பக்கத்து வளவில் என் கணவரின் தமக்கை இருந்தா. நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் சட்டி விழுந்தாலும் அவவுக்குக் கேட்கும்.

"உதென்ன சத்தம்? பசு கண்டு போடுதோ?"

"இல்லை மச்சாள். தம்பி பள்ளிக்கூட வேலை செய்யிறான்."

"உது எந்தப் புத்தகத்திலை கிடக்கு?"

உண்மையான பசுவுக்கும் அது பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பால் பாதியாகக் குறைந்தது. "பனங்கூடலுக்குப் போய் ஊது" என்று மகனை அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டான். மரத்தில் கள்ளுச் சீவிக்கொண்டிருந்தவர் மேலேயிருந்து, "தம்பி, நான் இறங்கின பிறகு ஊதும். இஞ்சை நிண்டுகொண்டு சிரிக்க ஏலாது" என்று சொன்னாராம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதன்பிறகு அவர் ஏறி இறங்கும் நேரத்தைக் கேட்டுத்தான் பயிற்சி நடந்தது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் எச்சில்.

எங்கள் வீட்டில் செம்பில் தண்ணீர் குடித்தால் உதடு படாமல் அண்ணாந்துதான் குடிப்போம். தவறி யாருடைய உதடாவது பட்டால் அந்தச் செம்பு நேரே கிணற்றடிக்குப் போகும். அப்படிப்பட்ட வீட்டில், வாயிலே வைத்து ஊதுகிற சாமான். அதுவும் புதிதில்லை.

"உனக்கு முதல் இதை ஆர் ஊதினது?" என்று கேட்டேன்.

"கரையிலை இருக்கிற பொடியன் ஒருத்தன். இப்ப அவனுக்குப் பெரிய குழல் குடுத்திட்டினம்."

கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பொடியன். நல்ல பிள்ளை என்று பின்னர் தெரிந்துகொண்டேன். ஆனால் அன்றைக்கு அவன் குணமா எனக்கு முக்கியம்? அவன் வாய்தான் முக்கியமாயிருந்தது. குழலைப் பறித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பழப்புளி, சாம்பல், தேங்காய்த் தும்பு. வெளியே தேய்த்தேன். எச்சில் உள்ளேயல்லவா இருக்கிறது என்ற எண்ணம் வரவே, புளியைக் கரைத்து உள்ளேயும் ஊற்றினேன். கடைசியில் மஞ்சள் தண்ணீர். இப்படி ஒவ்வொரு நாளும் மாலையில், குத்துவிளக்கு மினுக்குவதைவிட அக்கறையாக மினுக்கினேன்.

இரண்டாம் வாரம் குழல் அடியோடு ஊமையாகிவிட்டது. பசுவுக்கு நிம்மதி, மச்சாளுக்கு நிம்மதி. மகனுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. மூன்றாம் நாள் சுவாமியாரே சைக்கிளில் வந்து இறங்கினார். கதிரையில் அமர்ந்து, குழலைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒரு துண்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். புளியங்கொட்டை ஒன்று அவர் மடியில் விழுந்தது. அதை அவர் இரண்டு விரலால் எடுத்து, என்னிடம் மரியாதையாகத் திருப்பித் தந்தார்.

"அம்மா, வெளியை எவ்வளவும் மினுக்குங்கோ. உள்ளுக்கை மாத்திரம் சமைக்க வேண்டாம்."

நான் அதிகம் வெட்கப்படுகிறவள் அல்ல. அன்று வெட்கப்பட்டேன். ஆனால் அந்தப் பாண்டில் என் மகனுடைய குழல் மட்டும் வெயிலில் கண் கூசும்படி மின்னியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மாதம் கழிந்து சத்தம் பாட்டாகத் தொடங்கியது. அதோடு வேறொன்றும் நடந்தது. மகன் கதைக்கத் தொடங்கினான். குசினி வாசலில் நின்றுகொண்டு, யார் எங்கே பிழை விட்டான், சுவாமியாருக்கு எப்போது கோபம் வந்தது, கரைப் பொடியன் மூச்சு விடாமல் எவ்வளவு நேரம் ஊதுவான் என்றெல்லாம் சொல்வான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவானோ என்று பயம். ஒரு மாதம் கடிதம் எழுதும்போது, "அம்மா, அடியிலை இடம் காணாது. எனக்கு வேறை தாள் தாங்கோ" என்றான். கொடுத்தேன். இரண்டு பக்கம் எழுதினான். முழுவதும் பாண்ட்தான்.

அந்தத் தாளை நான் அனுப்பவில்லை. அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். என் கணவருக்கு நான் இந்த விஷயத்தையே இன்னும் எழுதவில்லை. ஊதுகிறவர்களைக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கூப்பிடுகிற குடும்பம் எங்கள் குடும்பம் என்று அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமை எனக்கும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதத்துத் தாளும் அதற்கடுத்த மாதத்துத் தாளும் சேலைக்கு அடியிலேயே போயின.

நான் பொறுத்திருக்க, மச்சாள் எழுதிவிட்டா.

மலாயாவிலிருந்து பதில் வந்தது. லீவு கிடைத்துவிட்டதாம், வருகிறாராம். அதற்குக் கீழே: 'நான் வந்து இறங்கும்போது அந்தச் சாமான் வீட்டில் இருக்கக் கூடாது. ஊதுவதற்கு நாங்கள் ஆள் பிடிப்போமே தவிர, ஊதுகிற ஆளாகப் போகமாட்டோம்.' எட்டு வருடத்தின் பின் வருகிற மனிதர், முதல் நாளே வீட்டில் சண்டை வேண்டாம் என்று பட்டது. மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஓம்" என்றான்.

பழைய 'ஓம்'. அன்று இரண்டு வேளையும் சாப்பிட்டான், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தான், கதைக்கவில்லை. அடுத்த நாளும் கதைக்கவில்லை. கணவர்மேல் கோபம் வந்தது, மச்சாள்மேல் வந்தது. எனக்கு ஏன் எழுதத் துணிவு வரவில்லை என்று என்மேலும் வந்தது.

கொழும்பிலிருந்து தந்தி வந்தது. வியாழக்கிழமை பின்னேர மோட்டார் வள்ளத்தில் வருவாராம். அதே வியாழக்கிழமை காலை வள்ளத்தில் அரசாங்க ஏசண்டுத் துரை எங்கள் தீவைப் பார்க்க வருகிறார் என்றும், பாண்ட் வாசித்து வரவேற்க வேண்டும் என்றும் சுவாமியார் சொல்லி அனுப்பினார். காலையில் ஊதிவிட்டு மத்தியானம் குழலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பின்னேரம் அவர் வரும்போது கை சுத்தமாயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். மச்சாளிடம், சாமான் வாங்க ஊர்காவற்றுறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே இறங்குதுறைக்குப் போனேன். மகன் கடைசியாக ஊதுவதை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது.

இருபது பிள்ளைகள், ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி வெள்ளை உடுப்பு. சுவாமியாருக்குத் தூரப்பார்வை மட்டு. கண்ணாடியில் உப்புக்காற்றுப் படியும் என்று அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். வள்ளம் வந்து அணைந்தது. முதலில் ஒரு கோட்டும், அதற்கு மேல் ஒரு தொப்பியும் இறங்கின. சுவாமியார் கையை உயர்த்தினார். பாண்ட் முழங்கியது.

இறங்கினவர் என் கணவர்.

துரை ஏதோ வேலை காரணமாகப் பயணத்தை அடுத்த வள்ளத்துக்குத் தள்ளிப்போட்டிருந்தார். என் கணவருக்கோ பிள்ளையைப் பார்க்க அவசரம், இரண்டாவது வள்ளத்துக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரம் அவர் பலகையில் நின்றபடி திகைத்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார். எட்டு வருட உழைப்புக்கு ஊர் செய்கிற மரியாதை என்று நினைத்திருப்பார் என்பது என் எண்ணம். கடைசிவரை அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

என்னைக் கண்டுகொண்டு கிட்ட வந்தார். "இஞ்சாரும், எங்கை அவன்?"

நான் நாடியை உயர்த்திப் பாண்டைக் காட்டினேன். "உதிலை."

பொடியன்மாரின் வரிசைக்குப் போனார். சுவாமியாருக்கு அதற்குள் பிழை விளங்கிவிட்டது. ஆனால் தொடங்கிய பாட்டை இடையில் நிறுத்துகிற வழக்கம் அவரிடம் இல்லை. என் கணவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். எல்லாக் கன்னமும் உப்பியிருந்தது. ஒரு பிள்ளைக்கு முன்னால் நின்றார். அவன் தோளில் கையை வைத்தார். கையை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார், கண் கலங்கியிருந்தது.

அவன் கரைப் பொடியன். எவனுடைய எச்சிலை நான் புளி போட்டுத் தேய்த்தேனோ அவன்.

அவன் குழலை வாயிலிருந்து எடுத்து, "ஐயா, நான் இல்லை. பக்கத்திலை நிக்கிறவன்" என்றான்.

பக்கத்தில் நின்ற என் மகன் சுவாமியாரின் கையைப் பார்த்தபடி ஊதிக்கொண்டிருந்தான். ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை. உப்பிய கன்னத்தில் கண்ணீர் ஓடி நாடியில் சொட்டியது. எனக்குக் கணவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. அவருக்காக வெட்கமாயிருந்தது, அதைவிடத் துக்கமாயிருந்தது. எட்டு வருடம் இந்தப் பிள்ளைக்காக உழைத்தவர், பிள்ளையின் முகம் தெரியாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிட்ட பிறகு, அலுமாரியைத் திறந்து அந்த மூன்று தாளையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் வாசித்தார். முதல் தாளை மறுபடியும் எடுத்து வாசித்தார்.

துரை ஒருவாறு வந்து சேர்ந்து, அவருக்கும் ஊதி முடித்துவிட்டு, மகன் பின்னேரம் வந்தான். குழல் கையில் இருந்தது. தகப்பனுக்கு எதிரே வந்து நின்றான்.

"ஐயா, இதைக் குடுத்திட்டு வரட்டோ?"

அவர் அதை வாங்கி, பளபளப்பைப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அவன் கையிலேயே கொடுத்தார்.

"வைச்சிரு. அடுத்த முறை வரேக்கை உன்னை நான் எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?"

மறுநாள் காலையில் கிணற்றடியில் அவர் குந்தியிருந்து அந்தக் குழலை மினுக்கிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் மச்சாள் நின்று பார்த்தா. அன்றைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "கொட்டை எடுத்த புளியாப் பாருங்கோ" என்று நான் சொன்னேன். ஏன் என்று கேட்டார். எனக்கு அதைச் சொல்லப் பல நாள் சென்றது.

லீவு முடிந்து போனார். அதன்பிறகு மகன் ஒவ்வொரு மாதமும் தனித்தாளில் எழுதினான். சண்டை வந்து மலாயாவை யப்பான்காரன் பிடித்தபின் கடிதம் போவதும் நின்றது, வருவதும் நின்றது. மகன் பள்ளிக்கூடத்தை விட்டபோது குழலைத் திருப்பிக் கொடுத்தான், ஊரில் வாத்தியாரானான். அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வருடங்கள் போயின. மச்சாளும் நானும் வேலியடியில் நின்று அதைப் பற்றிக் கதைப்போம். அவர் இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

சண்டை முடிந்து ஒரு நாள் தந்தி வந்தது.

மகனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மீசை வைத்திருந்தான். தந்தியைப் பார்த்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு பித்தளைக் குழல் இருந்தது. கறுத்துப் போயிருந்தது. நான் புளியை ஊறவைத்தேன், கொட்டையை எடுத்துவிட்டு.

வள்ளம் அணைந்தபோது இறங்குதுறையில் எங்கள் வாத்தியார் வேட்டியோடு நின்று குழலை வாயில் வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வருடக்கணக்காக ஊதாத வாய். பசு கண்டு போடுகிற அந்தப் பழைய சத்தம்தான் வந்தது. கோட்டும் தொப்பியும் இல்லாமல், பாதி உடம்பாக என் கணவர் இறங்கினார். இந்த முறை அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே அவனிடம் போனார்.