வளையத்தில் ஒட்டியிருந்த நூல்

மூடியைத் திருகியதும் குழாய்க்குள்ளிருந்து கலங்கிய தண்ணீர் என் கால் மேல் கொட்டியது. அந்தக் கார்த்திகை மாதக் காலை இப்போதும் கண்முன் நிற்கிறது. முழங்கை நீளமுள்ள எஃகுக் குழாய் அது. கொல்லிமலையில், எடப்புளி நாட்டு ஓடையொன்றின் மடுவில், நீருக்கடியில் பாறையோடு சேர்த்து முடுக்கியிருந்தோம். உள்ளே இருந்த கருவி மணிக்கொரு முறை நீர்மட்டத்தைப் பதிவு செய்யும். மழைக்காலம் முழுவதும் சேர்ந்திருக்க வேண்டிய பதிவு, துருவேறிய பேட்டரியோடு சேர்ந்து போய்விட்டது.

அந்தப் பதிவை நம்பித்தான் ஓடைக்கு மேலிருந்த சிற்றூருக்குக் குடிநீர்த் தொட்டி கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதாக இருந்தார்கள். கருவியைப் பராமரிப்பது என் வேலை. மாதம் ஒருமுறை காளப்பநாயக்கன்பட்டி வழியாக பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் மேலே போவேன். குழாயை வெளியே எடுத்து, பதிவை மடிக்கணினியில் இறக்கிக்கொண்டு, மூடியிலுள்ள இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்களையும் கழற்றித் துடைத்து, விரல் நுனியால் மெல்லிசாக கிரீஸ் தடவி மறுபடி பொருத்துவேன். தண்ணீர் உள்ளே புகாமல் காப்பது அந்த இரண்டு வளையங்கள்தாம். ஒரு மணல் துகள் அகப்பட்டாலும் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

மற்ற நாட்களில் கருவிக்குக் காவல் ஓடையோரத்தில் நிலம் வைத்திருந்த அக்கா. என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். மரவள்ளியும் மிளகும் போட்டிருந்தார். மாடுகள் மடுவில் இறங்காமலும் யாரும் குழாயைத் தொடாமலும் பார்த்துக்கொள்வதற்காக அலுவலகம் அவரை அமர்த்தியிருந்தது. அன்று தண்ணீர் கொட்டியதைப் பார்த்து அவர் முகம் வெளுத்துப்போயிற்று. மூடியின் ஓரத்தில் புதுக் கீறல்கள் இருந்தன. கேட்டேன்.

"ஐப்பசியில வெள்ளம் வந்தப்ப பாறையோட ஆடுச்சுங்க. அடிச்சுட்டுப் போயிருமோன்னு கவுறு போட்டுக் கட்டுனேனுங்க. நானு தொறக்கலீங்க சார்" என்றார்.

கீழே வந்து அறிக்கையில், 'வெளியாட்களால் மூடி திறக்கப்பட்டிருக்கலாம்' என்று எழுதினேன். பொய் என்று நினைத்து எழுதவில்லை. 'லாம்' போட்டுவிட்டதால் யார் மீதும் பழி சொல்லவில்லை என்றுகூட எண்ணிக்கொண்டேன். ஆனால் அந்த வரியைப் படித்தவர்களுக்கு 'லாம்' கண்ணில் படவில்லை. அக்காவைக் காவலிலிருந்து நீக்கினார்கள். தொட்டி முடிவு இன்னொரு மழைக்காலத்துக்குத் தள்ளிப்போனது. அவரால்தான் தண்ணீர் வராமல் போயிற்று என்ற பேச்சு ஊருக்குள் பரவியது.

தை மாதம் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தக் குழாயைப் பழுது பார்க்க எடுத்தேன். பழைய வளையங்களைத் தூக்கி எறியும் முன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். கிரீஸுக்குள் புதைந்தபடி உள்வளையத்தின் குறுக்கே ஒரு பச்சை நூல் கிடந்தது. அது பதிந்த தடம் ரப்பரில் கோடாகத் தெரிந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஐப்பசியில் வெள்ளத்தால் மலைக்குப் போக முடியவில்லை; அதற்கு முன் புரட்டாசியில் போனபோது பிசிறில்லாத துணியை எடுத்துப்போக மறந்து, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் என் தோளில் கிடந்த பச்சைத் துண்டால் வளையத்தைத் துடைத்திருந்தேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நான்காம் நாள் அதிகாரியிடம் நூலைக் காட்டினேன். அவர், "திருத்தி எழுதிக் கொடுத்துருங்க. அந்தம்மாவையே திரும்பப் போட்டுக்கலாம்" என்றார்.

மறுநாளே மலையேறினேன். அக்கா ஏணிமரத்தின் மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்காமல் கேட்டார். வேலை திரும்பக் கிடைக்கும் என்றபோதுதான் குனிந்து பார்த்தார்.

"எங்கிட்டத் தனியா சொல்லி என்னங்க ஆவப்போவுது? எம்மேல பழி போட்டவங்ககிட்டச் சொல்லோணுமுங்க."

அன்று மாலையே கோயில் முன்னால் ஊரார் கூடினார்கள். நடந்ததைச் சொன்னேன். யாரோ பின்னாலிருந்து, "அப்ப தப்பு உங்களுதுங்களா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க. என்னோடதுதான்" என்றேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "அந்தப் புள்ளைய எத்தன பேச்சுப் பேசிப்போட்டோம்" என்று ஒரு பெரியவர் தரையைப் பார்த்துச் சொன்னார். அக்கா கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையை இறுக்கிப் பிடித்து நின்றிருந்தார். அழவில்லை. கூட்டம் கலைந்தபோது என்னிடம் வந்து, "காவலுக்கு வாரேனுங்க. ஆனா இனிமே நானும் பாத்த பொறவுதான் மூடோணும்" என்றார்.

அடுத்த மழைக்காலப் பதிவு முழுதாகக் கிடைத்தது. தொட்டியும் கட்டினார்கள். இன்று நான் வேறு ஊரில், அணைகளில் மூழ்கியிருக்கும் கருவிகளோடு இருக்கிறேன். மேற்பார்வை பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டதால், நான் மூடும் மூடியைச் சரிபார்க்க இங்கே ஆளில்லை. ஒவ்வொரு முறை மூடும்போதும் அக்காவோடு சேர்ந்து மூடிய முதல் நாள் நினைவுக்கு வருகிறது. புதிய வளையங்களை நான் துடைத்துக் கொடுத்தேன். அவர் வெயிலில் தூக்கிப் பிடித்து, மெல்லச் சுழற்றிப் பார்த்து, என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இன்னொருக்காத் தொடைங்க."

என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மறுபேச்சுப் பேசாமல் துடைத்தேன்.