ஸாரி சொல்லாத சிரில் கார்பட்

“மகாராணியோட காலையே மிதிச்சாலும் இந்த வாயிலேர்ந்து ஸாரி வராது. எங்கம்மா வயித்த உதைச்சுக்கிட்டே வெளிய வந்தவன் நான். அவகிட்டயே சொன்னதில்ல.”

ஸ்கெல்பியில் ‘கறுப்பு எருது’ மதுக்கடையில் சிரில் கார்பட் இப்படி அறிவித்ததற்குக் காரணம், அவன் முழங்கை பட்டு என் பீர் கொட்டியதும், நான் அவனிடம் ஸாரி சொன்னதும். எங்கள் யார்க்‌ஷயரில் அதுதான் வழக்கம். காலை மிதித்தவன் வாயைத் திறப்பதற்குள் மிதிபட்டவன் சொல்லி முடித்திருப்பான். நாக்கு மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. இந்தத் தேசிய வியாதி அண்டாத ஒரே ஆங்கிலேயன் என்ற முறையில் சிரிலின் சரித்திரம் எழுதி வைக்கப்பட வேண்டியது.

அந்தச் சரித்திரம் பெரும்பாலும் எலும்பு முறிவுகளால் ஆனது. பள்ளியில் கணக்கு வாத்தியாரின் மூக்கு. போரில், எதிரி கைக்கெட்டாத தூரத்தில் இருந்துவிட்டபடியால், சொந்த முகாமின் சமையல்காரரின் தாடை. கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழனின் விலா. ஒவ்வொரு முறையும் அடிபட்டவர்தான் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஸாரி சொன்னார். சிரில் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டான்.

டீசல் ரயில்கள் வந்து, நீராவி எஞ்சின்களைக் கொல்ல ஆள் வேண்டியிருந்தபோது ஊர்க் காயலான் கடைக்காரர் வேறு யாரையும் தேடவில்லை. மற்ற ஊர்களில் முதலில் செம்புக் குழாய்களைக் கழற்றுவார்கள். சிரில் கேஸ் கட்டரைப் பற்றவைத்து, முன்பக்கத்து வட்டக் கதவில் ஆரம்பிப்பான். முகத்திலிருந்து தொடங்கினால்தான், செத்துவிட்டோம் என்று எஞ்சினுக்குப் புரியும் என்பது அவன் கொள்கை. கதவு தரையில் விழும் அதிர்ச்சியில் எங்கள் வீட்டுக் கோப்பைகள் குதிக்கும். பிறகு குடலை உருவுவதுபோல் குழாய்களை உருவி, பாய்லரின் வயிற்றைக் கிழிப்பான்.

அவன் மனைவி மேவிஸ் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு நடத்துபவள். குழந்தைகளுக்கு அவள் வாசித்துக் காட்டிய புத்தகத்தில் எஞ்சின்கள் பேசும், பொறாமைப்படும், யார் எக்ஸ்பிரஸ் வண்டியை இழுப்பது என்று சண்டை போடும், தடம்புரளும். கதை முடிவதற்குள் தப்பு செய்த எஞ்சின் கட்டாயம் ஸாரி சொல்லிவிடும். இரும்பே சொல்கிறது என்று அவள் வீட்டில் ஜாடையாகக் குறிப்பிடுவதுண்டு. இரும்புக்கு முதுகெலும்பு கிடையாது என்பது சிரிலின் பதில்.

கதை கேட்ட குழந்தைகள் காயலான் கடை வேலிக்குள் புகுந்து, வெட்டுக்குக் காத்திருந்த எஞ்சின்களின் வட்டக் கதவுகளில் சாக்குக்கட்டியால் கண்ணும் வாயும் வரைந்தார்கள். சிரில் சிரித்த வாய்களின் குறுக்கே வெட்டினான். குழந்தைகள் அலறினார்கள். தாய்மார்கள் அவன்மேல் டர்னிப் கிழங்குகளை எறிந்தார்கள். அவன் போல்ட்டுகளைத் திருப்பி எறிந்தான். எடையில் அவன் பக்கமே வெற்றி.

இந்தச் சமயத்தில்தான் நார்மனின் எஞ்சின் வந்து சேர்ந்தது. நார்மன் மேவிஸின் அண்ணன். போர் முடிந்த நாளிலிருந்து அந்த வண்டியை ஓட்டியவர். சிரில் கட்டரைப் பற்றவைத்த காலையில் அவர் கரி அள்ளும் மண்வெட்டியோடு அதன் முன்னால் நின்றார். பக்கத்தில் கையில் புத்தகத்தோடு மேவிஸ்.

“தள்ளிக்க மச்சான். கை நடுங்கினா உன் காதும் சேந்து போயிடும்.”

“இது என்னைச் சுமந்த வண்டிடா. உன்னை யாராச்சும் சுமந்திருந்தாத்தானே உனக்குத் தெரியும்.”

“உன் தங்கச்சி சுமக்கிறா. அந்த பாய்லரும் எப்பவும் கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.”

மண்வெட்டி சிரிலின் தோளில் இறங்கியது. கடப்பாரை பதில் சொன்னது. நார்மனின் கழுத்தெலும்பு முறிந்த சத்தம் வேலிக்கு வெளியே வரை கேட்டது. விழுந்தவருக்கு மேலும் ஒரு உதை. மேவிஸ் புத்தகத்தாலேயே கணவனின் பிடரியில் அறைந்தாள். அவன் அதைப் பிடுங்கித் தீக்கு முன்னால் நீட்டினான். ஸாரி சொல்லிக்கொண்டிருந்த எஞ்சின்கள் பாதியிலேயே சாம்பலாயின.

அன்று மாலை, கொதிக்கும் தேநீரோடு ஒரு கெட்டில் சிரிலின் வாயில் வந்து மோதியது. முன்பல் போயிற்று. மேவிஸ் துணிகளை அள்ளிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

“எங்கிட்டயும் நார்மன்கிட்டயும் ஸாரி சொல்லு, வர்றேன்,” என்றாள். “அதுவரைக்கும் உன் சோத்த நீயே பொங்கிக்க.”

சமாதானத்துக்கு அவன் முயலவில்லை என்று சொல்ல முடியாது. பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தட்டோடு வாங்கிக்கொண்டு நார்மன் வீட்டுக் கதவைத் தட்டினான். வாயைத் திறந்தான். மறுபக்கத்து எலும்பையும் ஒடித்து ஜோடி சேர்க்கட்டுமா என்ற விசாரிப்புதான் வெளியே வந்தது. நார்மன் நல்ல கையால் பலகாரத்தைத் தட்டோடு அவன் முகத்தில் சாத்தினார். விலக்க வந்த கான்ஸ்டபிளின் தொப்பி நசுங்கியது. கான்ஸ்டபிள் இருவரிடமும் ஸாரி சொன்னார்.

சிரில் டப்பா பீன்ஸைச் சூடு பண்ணாமலே தின்றான். மற்ற எஞ்சின்களை முன்னைவிட வெறியோடு வெட்டினான். நார்மனுடையதை மட்டும் தொடவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்றான். பக்கத்து எஞ்சினுக்கு எப்படித் தீரவில்லை என்று கேட்குமளவு யாருக்கும் தன் பல்மேல் வெறுப்பு இல்லை.

மழை விட்ட ஒரு மதியம் மேவிஸ் பெட்டியோடு யார்டுக்கு வந்தாள். லீட்ஸில் ஒரு கேன்டீனில் வேலையாம். அங்கேயே தங்குமிடமாம்.

“பஸ் வந்துட்டா ஏறிடுவேன் சிரில். அப்புறம் நீ லீட்ஸுக்கு வந்து கத்தினாலும் நான் திரும்ப மாட்டேன். சொல்றதா இருந்தா இப்பச் சொல்லு.”

சிரில் வாயைத் திறந்தான். கையிலிருந்த சம்மட்டியை மறு கைக்கு மாற்றினான். பல் போன சந்து வழியாகக் காற்று மட்டும் வந்தது. மேவிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு வழிவிடுவதற்காக அவன் பின்னால் நகர்ந்தபோது, நார்மனுடைய எஞ்சினின் முன்னால் துருத்திக்கொண்டிருந்த பஃபர் முட்டில் முதுகு இடித்தது.

“ஸாரி,” என்றான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மேவிஸ் நின்றாள்.

“யாருக்குச் சொன்ன?”

உனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். முனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. சிரில் பின்னால் பார்த்தான். சாக்குக்கட்டி முகத்தில் மழைக்குத் தப்பியது ஒரு கண்ணும் கொஞ்சம் வாயும்.

“இதுக்கு,” என்றான்.

மேவிஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் சம்மட்டியைச் சக்கரத்தில் சாய்த்து வைத்தான்.

“உனக்கும்,” என்றான், பஃபரைப் பார்த்துக்கொண்டே. “நார்மனுக்கும்.”