அக்காவின் கல்வீடு

யுத்தம் நடந்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் எல்லாத் தொழிலும் படுத்துவிட்டது. மேசன் வேலை மட்டும் ஓயவில்லை. சீமெந்து தாராளமாகக் கிடைத்ததால் அல்ல. சோதனைச் சாவடியில் விட்டால் நாலு மூடை வரும், விடாவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதென்றால் அவள் பெயரில் வீடு வேண்டும். மேசன்மார் சோறு தின்றது பெண்பிள்ளைகளின் புண்ணியத்தில்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அக்காவுக்கு வீடு எழும்பியது. சவூதியிலிருந்த மாமா காசு அனுப்பினார். அப்பா வட்டையில் இருந்த வயலில் பாதியை விற்றார். நாங்கள் கிடுகு வேய்ந்த வீட்டில் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டிருக்க, அவளுக்கு முதிரை மரத்தில் கதவு. எனக்கு வயிறு எரிந்தது. சொல்வதில் என்ன வெட்கம், நன்றாகவே எரிந்தது. கல் சுமக்கக் கூப்பிட்டால் கால் நோகிறது என்பேன். அக்கா சுமந்தாள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் போகவேண்டும் என்று இருந்தவள், புத்தகங்களை உரப்பையில் கட்டிப்போட்டுவிட்டுச் சாந்து குழைத்தாள்.

"ஒனக்கென்னகா, கல்வீட்டுக்காரி!" என்று குத்துவேன். திரும்பிப் பாராமல் அடுத்த கல்லைத் தூக்குவாள். வீடு வந்த திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சுவர் பூசி முடிவதற்குள் கலியாணமும் நடந்துவிட்டது. மாப்பிள்ளை மாமியின் மகன். மறுநாள் எட்டிப் பார்த்தேன். புது அறையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இத்தனையும் கிடைத்த பிறகு இவளுக்கு என்ன அழுகை என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

நேரே அப்பாவிடம் போனேன். மிச்சச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்பப்பா வீடு கட்டுவீங்க?"

கரண்டியைக் கீழே வைத்தார். சாந்து படிந்த கையால் என் தலையைத் தொடப் போய், தொடாமல் நிறுத்தினார்.

"ஒனக்கு இந்த அவசரம் வரப்படாது மகள்."

இயக்கத்தில் சேர்க்க வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வருகிறவர்கள் தாலி கட்டிய பெண்ணை விட்டுவிடுவார்கள் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அது தெரியாது. அக்காவுக்கு எல்லாம் கொடுத்த அப்பாவுக்கு எனக்காக ஒரு கல் வைக்கக்கூட மனம் இல்லை என்று, அன்று முழுக்கச் சோறு தின்னாமல் கிடந்தேன்.